பக்கத்துலயே எமர்ஜென்சி ரூம் வருதாம், சந்தோஷப்படலாமா?

கேள்வி: அக்கா, நாங்க டெக்சாஸ்ல புதுசு புதுசா வீடு முளைச்சுக்கிட்டே இருக்கற ஏரியால இருக்கோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நாப்பது நிமிஷம், சாயங்கால டிராஃபிக்ல கேக்கவே வேணாம். இப்ப மெயின் ரோட்டுல எமர்ஜென்சி ரூம் மட்டும் தனியா வரப்போகுதாம், அடுத்த வாரம் மீட்டிங். ஆஸ்பத்திரியே இல்லாம எமர்ஜென்சி ரூம வச்சு என்ன பண்றது? மாமனார், மாமியார் எங்க கூடதான் இருக்காங்க, ரெண்டு பேருக்கும் மெடிகேர் (வயசானவங்களுக்கு கவர்மென்ட் குடுக்கற இன்ஷூரன்ஸ்).

பதில்: வரட்டும்மா, நல்லதுதான். ஆனா அது வார்டு இல்லாத வாசல், அவ்ளோதான்னு மனசுல வச்சுக்கோங்க. 24 மணி நேரமும் டாக்டர், நர்ஸ், லேப், எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எல்லாம் இருக்கும். குழந்தைக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வீசிங், கீழ விழுந்து மணிக்கட்டு உடைஞ்சது, கடலை சாப்பிட்டு முகம் வீங்கினது, இதுக்கெல்லாம் நாப்பது நிமிஷம் ஓடாம அஞ்சு நிமிஷத்துல போயிடலாம். ஆபரேஷன் தியேட்டர் இருக்காது, ஐசியூ இருக்காது, இதயத்துக்கு ஸ்டென்ட் வைக்கற கேத் லேபும் இருக்காது.

என் ஃப்ரெண்டோட அப்பாவுக்கு நெஞ்சு வலின்னு, கிட்ட இருக்குன்னு இப்படி ஒரு இடத்துக்குதான் கார்ல கூட்டிட்டு போனா. உடனே ஈசிஜி எடுத்தாங்க, ஹார்ட் அட்டாக்னு சொல்லிட்டாங்க, ஆஸ்பிரின் குடுத்தாங்க, அது வரைக்கும் குறையே இல்ல, அப்புறம் கேத் லேப் இருக்கற ஆஸ்பத்திரிக்கு மாத்த ஆம்புலன்ஸ் வரணும்னு உக்காந்திருந்தாங்க பாருங்க, அதான் கொடுமை, அவ வாசலுக்கும் பெட்டுக்கும் நடந்துகிட்டே இருந்தாளாம். நெஞ்சு வலின்னா நீங்க கார எடுக்காதீங்க, 911க்கு போன் பண்ணி ஆம்புலன்ஸ கூப்பிடுங்க. பல ஊர்ல ஆம்புலன்ஸ்லயே ஈசிஜி எடுத்து நேரா சரியான ஆஸ்பத்திரிக்கு கொண்டு போயிடுவாங்க. வாய் கோணுது, கை தூக்க முடியலன்னாலும் 911தான், ஏன்னா பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டை கரைக்கற மருந்து 4.5 மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அதுக்கும் முன்னாடி மூளைல ரத்தம் கசியலன்னு சிடில பாத்தாகணும். அதனால மீட்டிங்ல முதல்ல இதக் கேளுங்க: எந்த ஆஸ்பத்திரிக்கு மாத்துவீங்க, ஆம்புலன்ஸ் இங்கயே நிக்குமா, கூப்பிட்டாதான் வருமா?

அடுத்தது, இது யாரோடது? இதுதான் உங்க வீட்டுக்கு ரொம்ப முக்கியம். ஒரு ஆஸ்பத்திரியோட கிளைன்னா மெடிகேர் செல்லும். டெக்சாஸ்ல 2009ல சட்டம் போட்டு, ஆஸ்பத்திரியோட சேராத தனி எமர்ஜென்சி சென்டருக்கும் லைசென்ஸ் குடுக்கறாங்க, அந்த மாதிரி இடத்த மெடிகேர் அங்கீகரிக்கறதில்ல (கோவிட் சமயத்துல தற்காலிகமா விட்டுக் குடுத்தாங்க, அவ்ளோதான்). நல்ல நாள்லயே இத விசாரிச்சு வச்சுக்கோங்க. உயிருக்கு ஆபத்துன்னா அதெல்லாம் பாக்காம எது கிட்டயோ அங்க போங்க, கைல காசு இல்லன்னாலும் பரிசோதிச்சு நிலைப்படுத்தாம அனுப்பக்கூடாதுன்னு மாநில சட்டமே இருக்கு.

உங்களுக்கு ஆபீஸ் இன்ஷூரன்ஸ் இருந்தா, 2022 ஜனவரிலேர்ந்து அமல்ல இருக்கற சட்டப்படி, எமர்ஜென்சிக்கு நெட்வொர்க்ல இல்லாத (அதாவது உங்க இன்ஷூரன்ஸோட ஒப்பந்தம் போடாத) இடத்துக்குப் போனாலும் இன்-நெட்வொர்க் அளவு பங்குதான் உங்க தலைல விழணும். ஆனா ரோட்டுல போற ஆம்புலன்ஸ் அந்த சட்டத்துல வராது, ஆஸ்பத்திரி மாத்தினா அந்த பில்லு தனியா வரும். பல பேரு இதுலதான் மாட்டிக்கறாங்க.

கேள்வி: இதுவும் அர்ஜென்ட் கேரும் (சளி, காய்ச்சல் மாதிரி சின்ன விஷயத்துக்குப் போற கிளினிக்) வெளில பாக்க ஒரே மாதிரிதான் இருக்கு. சளிக்குப் போய்ட்டு ஆயிரக்கணக்குல பில் வாங்கிட்டு வந்தோம். எப்படித்தான் கண்டுபிடிக்கறது?

பதில்: போர்டுல 'எமர்ஜென்சி'ன்னு இருந்தா சளிக்கு உள்ள போகாதீங்க. டெக்சாஸ்ல வாசல்லயே நோட்டீஸ் ஒட்டியிருக்கணும்: இது தனி எமர்ஜென்சி சென்டர், ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு ஈடா சார்ஜ் பண்ணுவோம், டாக்டர் ஃபீஸ் போக ஃபெசிலிட்டி ஃபீஸும் (அந்த இடத்துக்கான சார்ஜ்) போடலாம்னு. வலில யாரு அதப் படிக்கறா, அது வேற விஷயம். இன்னொண்ணு, கவுண்டர்ல "உங்க இன்ஷூரன்ஸ எடுத்துக்கறோம்"னு சொன்னா நெட்வொர்க்ல இருக்காங்கன்னு நம்பிடாதீங்க. நெட்வொர்க்ல இல்லாதவங்க அந்த வார்த்தையச் சொல்லி விளம்பரம் பண்ணக்கூடாதுன்னே 2019ல சட்டம் போட்டாங்கன்னா, எத்தனை பேரு ஏமாந்திருப்பாங்கன்னு பாத்துக்கோங்க. "எங்க பிளான்ல நீங்க இன்-நெட்வொர்க்கா?"ன்னு அந்த வார்த்தையவே போட்டுக் கேளுங்க.