இசைத்தட்டும் தராசுத்தட்டும்: வாசகர் கேள்விகள்

பிரிட்டிஷ் ராக் குழுவான பிங்க் ஃபிளாய்டின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோர் 2024 செப்டம்பர் 6 அன்று வெளியிட்ட ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ ஆல்பத்தைப் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்முறை பதில்கள் இடம்பெறுகின்றன.

கேள்வி: பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பம் வெளிவந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. அதற்குப் பிறகு தாம் செய்தவற்றிலேயே புதிய ஆல்பம்தான் சிறந்தது என்று கில்மோர் சொல்லியிருக்கிறார். இதை ஏற்றுக்கொள்ளலாமா, அல்லது விளம்பரப் பேச்சு என்று தள்ளிவிடலாமா?

பதில்: கடைக்குட்டியின் மேல் பாசம் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஒரு கலைஞர் தம் புதிய படைப்பைப் பற்றிச் சொல்வதில் இந்தப் பாசத்துக்கான தள்ளுபடியைக் கொடுத்துவிட்டே மிச்சத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கில்மோரின் கூற்றில் எனக்கு இடறுவது பாசம் அன்று. எதை எதனோடு நிறுக்கிறார் என்பதுதான்.

1973-இல் வந்த அந்த ஆல்பத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். பாடல் வரிகள் முழுவதும் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ரோஜர் வாட்டர்ஸ் எழுதியவை. ‘அஸ் அண்ட் தெம்’ பாடலில் நம்மை உள்ளே இழுத்துக்கொள்ளும் இசை, கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் விரல்களில் பிறந்தது. சொற்களே இல்லாமல் ஒரு பெண்குரல் அழுதும் அரற்றியும் அடங்கியும் போகும் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யும் ரைட்டின் இசைதான், பாடியவர் குழுவிலேயே இல்லாத கிளேர் டோரி. அவர் ஒலிப்பதிவின்போது அந்தக் கணத்திலேயே உருவாக்கிப் பாடியதற்கு இசையமைப்பில் உரிய பங்கு, பல ஆண்டுகளுக்குப் பின் வழக்குத் தொடுத்து 2005-இல் சமரசம் ஏற்பட்ட பிறகே கிடைத்தது. ஒலிப்பொறியாளராக ஆலன் பார்சன்ஸ் இருந்தார். இறுதிக் கலவையைக் கிறிஸ் தாமஸ் மேற்பார்வையிட்டார். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, 1972 ஜனவரியிலேயே மேடையேறிவிட்ட அந்த இசை, 1973 மார்ச்சில் கடைக்கு வரும்வரை ஓராண்டுக்கு மேல் ரசிகர்கள் முன்னிலையில் இழைக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. கில்மோரின் குரலும் கிட்டாரும் இல்லாமல் அந்த ஆல்பம் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அது ஊர் கூடி இழுத்த தேர். அதை ஒருவரின் தனி ஆல்பத்துக்கு எதிர்த்தட்டில் வைத்தால் முள் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அந்த எடை நமக்கு ஒன்றையும் சொல்லாது.

அவரே வைத்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டாலும் கூற்று நிற்காது. 1975-இல் வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் தொடக்கப் பாட்டில் நான்கே சுரங்களில் அவர் கிட்டார் எழுப்பிய அந்தக் கேள்விக்கு நிகரான ஓர் இடம் புதிய ஆல்பத்தில் எனக்குத் தென்படவில்லை. 1979-இன் ‘தி வால்’ ஆல்பத்தையும் நாம் மறந்துவிட முடியாது.

நியாயமான ஒப்பீடு வேறோர் ஏணியில் இருக்கிறது. கில்மோரின் தனி ஆல்பங்கள் 1978, 1984, 2006, 2015, 2024 ஆகிய ஆண்டுகளில் வந்தவை. முதலிரண்டும் குழுவின் பெருநிழலில் எடுத்த ஓய்வு நேரப் பயிற்சிகளாகவே இன்று ஒலிக்கின்றன. தமது அறுபதாவது பிறந்தநாளில் வெளியிட்ட ‘ஆன் ஆன் ஐலண்ட்’ அழகானது; ஆனால் ஒரே வேகத்தில், ஒரே வெளிச்சத்தில், கரையைவிட்டு விலகாத படகுபோல அசைந்துகொண்டிருப்பது. நான்காவது பாட்டுக்குள் என் கவனம் சன்னலுக்கு வெளியே போய்விடும். 2015-இன் ‘ராட்டில் தட் லாக்’ அந்தச் சோம்பலை உதறியது. பிரெஞ்சு ரயில் நிலையங்களில் அறிவிப்புக்கு முன் ஒலிக்கும் நான்கு சுரங்களைக் கைபேசியில் பதிவுசெய்து, அதிலிருந்து தலைப்புப் பாடலையே கட்டியெழுப்பியிருந்தார். ஆனால் ஜாஸ், வால்ட்ஸ், பிளாய்ட் வாடை என்று ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு திசையில் போனதால், முழு ஆல்பமாக மனத்தில் தங்கவில்லை. இந்த ஏணியில் வைத்தால் ‘லக் அண்ட் ஸ்ட்ரேஞ்ச்’ மேல்படியில் நிற்கிறது என்பது என் தீர்ப்பு. முதுமை, எஞ்சியிருக்கும் காலம், கிடைத்த அதிர்ஷ்டம் என்னும் ஒரே கவலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை விடாமல் பிடித்திருப்பதே அதற்கு முதற்காரணம்.

கேள்வி: கில்மோர் என்றாலே நீண்டு உருகும் கிட்டார் தனி வாசிப்புதான் என்று பழகிய காது எங்களுடையது. புதிய ஆல்பத்தில் அந்தத் தீ தணிந்துவிட்டதாகத் தோன்றுகிறது. வயதுதான் காரணமா?

பதில்: தீ தணியவில்லை, அதற்கு ஓர் அடுப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்வேன். கட்டியவர் சார்லி ஆண்ட்ரூ. ஆல்ட்-ஜே குழுவின் ஆல்பங்களைத் தயாரித்துப் பெயர் பெற்ற இவருக்குக் கில்மோரின் கடந்த காலத்தின் மேல் பயபக்தி ஏதும் இல்லை. வீட்டுக்கு வந்து மாதிரிப் பதிவுகளைக் கேட்டவர், இந்த இடத்தில் எதற்குக் கிட்டார் தனி வாசிப்பு என்றும், எல்லாப் பாட்டும் இப்படி மெல்லத் தேய்ந்துதான் மறைய வேண்டுமா, ஒன்றிரண்டாவது சட்டென்று முடியக் கூடாதா என்றும் கேட்டதைக் கில்மோரே ரசித்துச் சொல்லியிருக்கிறார். ஐம்பதாண்டுக் காலமாக அவர் முகத்துக்கு நேரே இதைக் கேட்க எத்தனை பேருக்குத் துணிவு இருந்திருக்கும் என்று தெரியவில்லை. ‘தி வால்’ ஆல்பத்தின் ‘கம்ஃபர்டப்ளி நம்ப்’ பாடலின் புகழ்பெற்ற வாசிப்பே உச்சத்தில் இருக்கும்போது ஒலி குறைந்து மறைவதுதானே! அந்தப் பழக்கத்தின் மேல்தான் ஆண்ட்ரூ கைவைத்தார்.

பலன் என்னவென்று ‘தி பைப்பர்ஸ் கால்’ பாட்டில் கேட்கலாம். குட்டிக் கிட்டார் போன்ற யுகுலேலியின் சிறிய கணீர் ஒலியோடு, திண்ணையில் உட்கார்ந்து யாரோ தமக்குத் தாமே பாடிக்கொள்வதுபோலத் தொடங்கும் அந்தப் பாட்டு, கிட்டாரை வெகுநேரம் வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. கடைசியில் அது உள்ளே வரும்போது பழைய கில்மோர்தான்: ஒரு தந்தியை இழுத்து, சேர வேண்டிய சுரத்துக்கு ஒரு மயிரிழை கீழே நிறுத்தி, நம்மை ஏங்கவைத்துவிட்டு, பிறகு சேர்க்கிறார். விரல் வேகத்தை நம்பி வாசித்தவர்களுக்கு எழுபது வயதுக்குப் பின் கை தளரும். சுரத்தை இழுத்து நிறுத்துவதை நம்பியவர் என்பதால் கில்மோரிடம் வயது பறித்துக்கொண்டது குறைவே. கடைசிப் பாடலான ‘ஸ்காட்டர்ட்’ இன்னும் ஒரு சான்று.

குரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வயது உண்மையில் பறித்தது அங்கேதான். 1973-இல் பாலாடைபோல வழுவழுத்த குரல், 78-ஆவது வயதில் சில இடங்களில் மரப்பட்டைபோல் சொரசொரக்கிறது. அதை மறைக்க அவர் முயலவில்லை. போருக்குப் பிந்தைய 1946-இல் பிறந்து, வாய்ப்புகள் தாமாக வந்து கதவைத் தட்டிய ஒரு தலைமுறையின் நல்லூழைத் திரும்பிப் பார்க்கும் தலைப்புப் பாடலை இளமைக் குரலில் பாடியிருந்தால் யார் நம்புவார்கள்?

கேள்வி: ரிச்சர்ட் ரைட் 2008-இல் காலமானவர். 2024 ஆல்பத்தில் அவர் வாசித்திருப்பதாகப் போட்டிருக்கிறார்கள். இறந்த நண்பரின் பெயரை வைத்துப் பழைய ரசிகர்களை இழுக்கும் தந்திரம்தானே இது?

பதில்: சந்தேகம் நியாயமானதே, இந்தத் துறையில் அப்படிப்பட்ட தந்திரங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இங்கே நடந்தது வேறு. 2006 சுற்றுப்பயணம் முடிந்தபின், 2007-இல், கில்மோர் தம் வீட்டை ஒட்டிய களஞ்சியக் கொட்டகையில் ரைட், பாஸ் கிட்டார் கலைஞர் கை பிராட், டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவ் டிஸ்டனிஸ்லாவ் ஆகியோருடன் எந்தத் திட்டமும் இல்லாமல் வாசித்துப் பதிவுசெய்தவற்றில் ஒன்றுதான் தலைப்புப் பாடலுக்கு அடித்தளம். சில பதிப்புகளின் இறுதியில் அந்தக் கொட்டகைப் பதிவை ஏறக்குறைய 14 நிமிடங்களுக்கு முழுமையாகவே சேர்த்திருக்கிறார்கள்.

வாய்ப்பிருந்தால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். கொட்டகைப் பதிவில் யாருக்கும் அவசரமில்லை. கிட்டார் ஒரு சிறு சொற்றொடரைச் சொல்லும், திரும்பச் சொல்லும், சற்றே மாற்றிச் சொல்லும். ரைட் அதற்குப் பதில் சொல்லக்கூட மெனக்கெடாமல் நாற்காலியில் சாய்ந்து ‘ம்’ கொட்டுவதுபோல் இடைவெளிகளில் மட்டும் ஒன்றிரண்டு சுரக்கட்டுகளை வைப்பார். அந்த ‘ம்’தான் பிங்க் ஃபிளாய்டின் ஒலியில் பாதி என்பது, அது இல்லாத ஆல்பங்களைக் கேட்கும்போதே நமக்கு உறைக்கிறது. பாடலாக்கப்பட்ட வடிவத்தில் பல்லவி வருகிறது, புதிய பகுதிகள் சேர்கின்றன. ரைட்டின் இடைவெளிகளை மட்டும் யாரும் நிரப்பவில்லை. அந்த அடக்கத்தைத்தான் நான் மரியாதை என்று எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறான அனுபவமும் கில்மோருக்கு உண்டு. 2014-இல் பிங்க் ஃபிளாய்ட் பெயரில் வந்த ‘தி எண்ட்லெஸ் ரிவர்’, 1993–94 காலத்து ஒலிப்பதிவுகளில் மிஞ்சியவற்றை ஒட்டுப்போட்டு உருவானது. அங்கே ரைட்டின் நினைவு இருந்தது, பாட்டு இல்லை. இங்கே ஒரே ஒரு துண்டுதான், ஆனால் அதிலிருந்து ஒரு பாட்டு பிறந்திருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 2023-இல் வெளியிட்ட ‘ஹாக்னி டைமண்ட்ஸ்’ ஆல்பத்திலும் 2021-இல் மறைந்த சார்லி வாட்ஸின் டிரம்ஸ் இரண்டு பாடல்களில் ஒலிக்கிறது. அந்த இரண்டிலும் தாளம் மற்றப் பாடல்களைவிட ஒரு கணம் தயங்கி விழுவதுபோல் எனக்குப் படும். கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா என்று என்னையே சோதித்துப் பார்த்தேன். ஒருமுறை சரியாகச் சொன்னேன், ஒருமுறை தோற்றேன்.

கேள்வி: மனைவி எழுதுகிறார், மகள் பாடுகிறார், மகனும் வரிகளில் பங்கேற்கிறார். குடும்ப ஆல்பம் என்றே சொல்லிவிடலாம்போல் இருக்கிறதே?

பதில்: கில்மோரின் மனைவியும் நாவலாசிரியருமான பாலி சாம்சன், 1994-இல் வந்த பிங்க் ஃபிளாய்ட் ஆல்பமான ‘தி டிவிஷன் பெல்’ முதல் கில்மோருக்கு வரிகள் எழுதிவருகிறார், இதைச் சலுகை என்று சொல்வது பொருந்தாது. 1973-இன் வரிகளையும் இவற்றையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெளிவு. வாட்டர்ஸ் காலத்தையும் பணத்தையும் மரணத்தையும் எல்லா மனிதர்க்கும் பொதுவான சிக்கல்களாக, மேடையிலிருந்து பேசுபவர்போல எழுதினார். சாம்சன் அதே மரணத்தை ஒரே வீட்டுக்குள், ஒருவர் முந்திக்கொண்டால் மற்றவர் என்ன செய்வார் என்ற அளவில் எழுதுகிறார். முன்னதில் வீச்சு அதிகம். பின்னது சில இடங்களில் இனிப்புக் கூடிவிடுகிறது. ‘டார்க் அண்ட் வெல்வெட் நைட்ஸ்’ பாட்டை நான் இரண்டு முறைக்கு மேல் கேட்கவில்லை.

மகள் ரோமனி பாடும் ‘பிட்வீன் டூ பாயிண்ட்ஸ்’ ஆல்பத்தின் நல்ல பாடல்களுள் ஒன்று. 1999-இல் மாண்ட்கோல்ஃபியர் பிரதர்ஸ் என்ற இருவர் குழு வெளியிட்ட பாட்டு அது. பெரிய வெற்றி பெற்ற பாட்டு என்றே கில்மோர் பல காலம் நினைத்திருந்தாராம், விசாரித்தால் பலருக்குத் தெரியவே தெரியாது. தோற்றுப்போன ஒருவரின் புலம்பலை ரோமனி கொஞ்சமும் அழாமல் பாடுகிறார், ஹார்ப்பையும் அவரே மீட்டுகிறார். தந்தை பாடியிருந்தால் அந்த வரிகளில் அனுபவம் ஏறியிருக்கும். இந்த வெறுமை வந்திருக்காது.

கேள்வி: பழையதை ஒன்றுமே கேட்டிராத என் மகளுக்கு எதிலிருந்து தொடங்கச் சொல்வது? 1973-ஆ, 2024-ஆ?

பதில்: 2024. பழையதை முதலில் கொடுத்தால் உங்கள் தராசையும் சேர்த்தே கொடுத்துவிடுவீர்கள். அறைக்குள் நீங்கள் இருக்க வேண்டாம். தலைப்புப் பாடல் ஒலிக்கும்போது எந்த வாத்தியம் பிடித்தது என்று மட்டும் பிறகு கேளுங்கள். கீபோர்டு என்று சொன்னால், அடுத்து ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டைக் கொடுங்கள்.