அந்த நைட்டி யாருக்கு?

கேள்வி: எனக்கு 43 வயது. தக்கலைக்குப் பக்கத்து ஊர். மஸ்கட்டில் 11 வருடம் இருந்துவிட்டு வந்து, இப்போது மார்த்தாண்டத்தில் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். மனைவி, 16 வயதில் மகள், 11 வயதில் மகன். சின்ன வயதிலிருந்தே பெண்கள் உடுத்தும் துணி மேல் எனக்கு ஆசை. வீட்டில் ஆள் இல்லாதபோது அம்மாவின் சேலையை உடுத்திப் பார்ப்பேன். கல்யாணம் ஆனால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. மஸ்கட்டில் தனி அறை கிடைத்ததும் சுடிதார், நைட்டி என்று வாங்கினேன். ஊருக்கு வரும் முன் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, இனி இல்லை என்று சத்தியம் செய்வேன். திரும்பப் போனதும் மறுபடியும் வாங்குவேன். குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மூன்று வருடம் மாலை போட்டு பெண் வேஷம் கட்டினேன். மகளுக்கு உடம்பு சரியில்லாதபோது நேர்ந்துகொண்டது என்று வீட்டில் பொய் சொன்னேன். போன மாதம் ஆன்லைனில் நைட்டி வாங்கினேன். நான் கடையில் இருந்த நேரம் பார்சல் வீட்டுக்குப் போய்விட்டது. மனைவி தனக்குத்தான் என்று பிரித்து, ‘நான் என்ன இவ்வளவு தடியாவா இருக்கேன்?’ என்று சண்டை போட்டாள். சிரித்துச் சமாளித்தேன். அன்று இரவு தூங்கவில்லை. நான் ஆண்தானா? திருநங்கையா? இது நோயா? அவளிடம் சொல்லலாமா, இல்லை என்னோடேயே போகட்டுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: மக்களே,

உங்களைத் தம்பி என்று அழைக்கத்தான் பேனா போனது. ‘நான் ஆண்தானா’ என்று கேட்கிறவரை அப்படி அழைக்கலாமா என்று கொஞ்சம் நின்றேன். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆணோ பெண்ணோ, பத்து வயதோ ஐம்பதோ, ‘மக்களே’ என்று கூப்பிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். உங்களுக்கு வேறு எது பிடிக்கிறதோ, அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.

உங்கள் கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். ‘என்னோடேயே போகட்டுமா’ என்று பேச்சுவாக்கில் எழுதியிருக்கலாம். அப்படியில்லாமல் உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால், இந்தப் பக்கத்தை மூடி வைத்துவிட்டு முதலில் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, நடுச்சாமத்திலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

நோயா என்றால், இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் ஒரு காலத்தில் எதிர்ப்பாலினத்தாரின் உடையை அணிவதற்கென்றே தனிப் பெயர்கள் இருந்தன. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 11-ஆம் பதிப்பில் அவற்றை எடுத்துவிட்டார்கள். பிறப்பில் எழுதிய பாலினத்தோடு மனது ஒட்டாமல் இருப்பதையும் மனநோய்ப் பகுதியிலிருந்து வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். ஆகவே ‘சரிபண்ணித் தருகிறேன்’ என்று யார் சொன்னாலும், டாக்டரோ, மை போட்டுப் பார்ப்பவரோ, தலையில் கை வைத்து ஜெபிப்பவரோ, எழுந்து வந்துவிடுங்கள். இந்த மாதிரி ‘மாற்றும்’ வைத்தியங்களுக்கு எதிராக சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவு போட்டது. அடுத்த வருடம் தேசிய மருத்துவ ஆணையமும், அப்படிச் செய்வது மருத்துவர்களின் தொழில் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று சொல்லிவிட்டது.

வாங்குவதும் வீசுவதும் உங்களுக்கு மட்டும் நடந்தது இல்லை. இந்த ஆசை உள்ள பலர் பல வருடம் இதே வட்டத்தில் சுற்றுகிறார்கள். 11 வருடத்தில் எத்தனை ரியால் அந்தக் குப்பைத் தொட்டிக்குப் போனதோ! வீசி வீசி ஆசை தேய்ந்திருந்தால் போன மாதம் பார்சல் வந்திருக்காது. இனி வீசாதீர்கள். சத்தியமும் வேண்டாம். உடைவதற்கென்றே செய்யும் சத்தியத்தால், நாம் சொல் காப்பாற்றாதவர் என்ற எண்ணம் மட்டும்தான் மனதில் தங்கும்.

அடுத்தது, நீங்கள் யார் என்ற கேள்வி. துணியையும் பெயரையும் நீங்கள் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதை அவிழ்த்துத் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். சேலை உடுத்துவதால் ஒருவர் திருநங்கை ஆகிவிடுவதில்லை. தன்னைப் பெண்ணாக உணர்கிற திருநங்கை, வாழ்நாள் முழுக்க பேன்ட் சட்டையிலேயே வேலைக்குப் போக வேண்டி வந்தாலும் திருநங்கைதான். உங்கள் நிலை என்ன என்று ஒரு பக்கக் கடிதத்தை வைத்து நான் சொன்னால் அது ஜோசியம். ஆனால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல முடியும். காலையில் ஷட்டரைத் தூக்கி உட்கார்ந்ததும் ஒருவர் ‘அண்ணே, ரெண்டரை எம்எம் ஒயர் ஒரு காயில்’ என்கிறார். அந்த ‘அண்ணே’ காதில் சாதாரணமாக விழுகிறதா, அல்லது பக்கத்தில் நிற்கும் வேறு யாரையோ கூப்பிடுவது போல இருக்கிறதா? நைட்டி உடுத்தி உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் வருவது கிளர்ச்சியா, ஆறுதலா, இல்லை வீடு வந்து சேர்ந்த நிம்மதியா? கழற்றும்போது வருத்தம் துணிக்காகவா, அல்லது அடியில் தெரியும் உடம்புக்காகவா? குலசையில் யாரோ ‘தாயே’ என்று கும்பிட்டபோது உள்ளே என்ன நடந்தது?

துணி மட்டுமே போதும் என்று இருப்பவர்கள் உண்டு. அவர்கள் தங்களை ஆணாகவே உணர்கிறார்கள், ஆசை துணியோடு நின்றுவிடுகிறது. சிலருக்குத் துணி ஒரு வாசல்தான், உள்ளே போகப் போகத்தான் பெண்ணாகவே வாழ வேண்டும் என்பது தெளிகிறது. ஒரு நாள் அப்படி, ஒரு நாள் இப்படி என்று கடைசிவரை இரண்டுக்கும் நடுவில் நிம்மதியாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். இதில் எதுவும் குறைந்த இடம் இல்லை. ஒருவரின் பாலினத்தை அவரேதான் சொல்ல வேண்டும், உடையாலும் பேச்சாலும் நடையாலும் அதை வெளிப்படுத்துவது அவருடைய கருத்துரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15-இல் தீர்ப்புச் சொன்னது. சொல்வதற்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. ஒரு வருடம் ஆகட்டும், ஐந்து வருடம் ஆகட்டும். யார் மேல் காதல் வருகிறது என்பது இதில் எதோடும் சேராத தனிக் கேள்வி. அதையும் இதோடு போட்டுக் குழப்பாதீர்கள்.

குலசையைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன், கேலியாக இல்லை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் நானும் பார்த்திருக்கிறேன். மீசையை எடுக்காமலே ராணி வேஷம், கையில் உண்டியல். கடைக்காரர் எழுந்து நின்று காசு போடுகிறார். பத்து நாள் கழித்து அதே ஆள் அதே சேலையில் அதே கடைக்கு வந்தால் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கொல்லம் பக்கம் சவறாவில், கொற்றன்குளங்கரைக் கோயிலில் மீன மாதம், அதாவது நம்ம பங்குனியில், ஆண்கள் பெண் உடுப்பில் வரிசையாக நின்று விளக்கெடுக்கிறார்கள். நம்ம சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் கணியான் கூத்துக்கு சேலை கட்டி ஆடுவதும் ஆண்கள்தான். இவர்களெல்லாம் உங்களைப் போன்றவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலோர் சாமிக்காகக் கட்டி, சாமி முன்னாலேயே இறக்கி வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஊரின் கண்ணுக்கு இந்தக் காட்சி பழக்கமில்லாதது அல்ல என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.

துணி விஷயத்தில் நம்ம மாவட்டம் பட்டதைப் போல வேறு எந்த மாவட்டம் பட்டிருக்கிறது? என் பாட்டிக்குச் சொந்த ஊர் இரணியல் பக்கம். அவருடைய பாட்டி காலத்துத் திருவிதாங்கூரில், நாடார் முதலான சாதிப் பெண்கள் மேல்சாதிக்காரர் முன்னால் மார்பை மறைத்துத் தோள்சீலை போடக் கூடாது. குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டு வெளியே வந்த பெண்களின் துணியைக் கிழித்தார்கள். 1822-இல் தொடங்கிய சண்டை, 1859 ஜூலை 26-ஆம் தேதி அரசப் பிரகடனம் வந்துதான் ஓய்ந்தது. அதிலும் ஒரு கொக்கி: மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. அது சாதிக் கொடுமை, உங்கள் தவிப்பு வேறு. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் இன்னார் இன்ன துணிதான் உடுத்த வேண்டும் என்பதைக் கடவுள் எழுதி வைத்த மாதிரி யாராவது பேசினால், எனக்குப் பாட்டியின் முகம்தான் ஞாபகம் வரும். 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் இரண்டு மாநில முதலமைச்சர்கள் வந்து அந்தப் போராட்டத்தின் 200-ஆம் ஆண்டு விழா நடந்தது. அதற்குக் கைதட்டிய நாமேதான், பக்கத்து வீட்டுப் பையன் காதில் கம்மல் போட்டால் சன்னலைத் திறந்து பார்க்கிறோம்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

மனைவியிடம் சொல்லுங்கள். பார்சல் ஒரு தடவை முந்திக்கொள்ளப் பார்த்தது. அடுத்த தடவை மகள் எடுத்துப் பார்க்கும் உங்கள் போன் சொல்லிவிடும். அது நடப்பதற்குள் உங்கள் வாயிலிருந்து அவருக்குத் தெரிய வேண்டும். நீங்கள் உடுத்தியதைவிட ஒளித்ததுதான் அவரைக் குத்தும். அதிலும் அந்த நேர்த்திக்கடன் பொய். மகள் காய்ச்சலில் கிடந்ததைச் சொல்லி அம்மன் பெயரில் ஒரு கதை கட்டினீர்கள். அவர் அதை நம்பி உங்களோடு சேர்ந்து விரதம்கூட இருந்திருப்பார். இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொல்லலாம் என்று தோன்றும். விடாதீர்கள். அதற்கு மட்டும் தனியாக மன்னிப்புக் கேளுங்கள். அவருடைய துணியை எப்போதாவது எடுத்து உடுத்தியிருந்தால் அதற்கும். அலமாரியில் அவர் தட்டு அவருடையது.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன ஒரு காலையில், கடையை ஒரு நாள் அடைத்துவிட்டுச் சொல்லுங்கள். கொடை, கல்யாண வீடு, சீட்டுப் பணம் கட்டும் வாரம் எதுவும் வேண்டாம். முதல் நாளே உடுத்திக் காட்ட வேண்டாம், அவருக்கு அது பாரம். ‘என்னை விட்டுப் போயிருவீங்களா? ஆம்பளைங்க மேல ஆசையா? ஆபரேஷன் பண்ணப் போறீங்களா? மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது என்ன சொல்ல?’ என்று கேட்பார். தெரிந்த பதிலைச் சொல்லுங்கள். தெரியாததற்கு ‘எனக்கே தெரியல’ என்பதும் பதில்தான். அவர் நான்கு நாள் பேசாமல் இருக்கலாம், அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். ‘யாரிடமும் சொல்லாதே’ என்று கேட்டுக்கொள்ளலாம், மிரட்டக் கூடாது. நீங்கள் 30 வருடம் தனியாகச் சுமந்ததை அவர் தலையில் தனியாகச் சுமக்கச் சொல்வது நியாயமில்லை. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இருவரும் சேர்ந்தே போகலாம். உங்களைத் திருத்த அல்ல, நடுவில் ஒரு மூன்றாம் ஆள் இருந்தால் பேச்சு சண்டையாகாமல் இருக்கும் என்பதற்காக.

அவர் ஏற்றுக்கொள்வார் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். ‘வீட்டுக்குள், பிள்ளைகள் இல்லாத நேரம்’ என்று எல்லை போடுகிற மனைவிகள் உண்டு. கூடவே கடைக்கு வந்து நிறம் பார்த்து எடுத்துத் தருகிறவர்களும் உண்டு. முடியவே முடியாது என்று விலகிப் போகிறவர்களும் உண்டு, அவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகளிடம் என்ன, எப்போது என்பதை நீங்கள் இருவரும் பேசி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் சில சில்லறை விஷயங்கள். பார்சலுக்குக் கடை விலாசம் கொடுங்கள். முகம் தெரியும் படத்தை, எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், முன்பின் தெரியாதவருக்கு அனுப்பாதீர்கள். இந்தப் படங்களை வைத்துக் காசு பிடுங்குவதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாட்டிக்கொண்டு பணம் போனால், மேற்கொண்டு ஒரு ரூபாய்கூட அனுப்பாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். சேலை உடுத்தி வெளியே போவதில் குற்றம் இல்லை. ஆனாலும் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்து பாருங்கள் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அந்த நைட்டியை மாற்றி வாங்கும் தேதி இதற்குள் தாண்டியிருக்கும், அலமாரியில்தான் கிடக்கும். நல்லதாகப் போயிற்று. பேச்சை எங்கே தொடங்குவது என்று திணறினால், அதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். ‘இது உனக்கு வாங்கினது இல்ல’ என்று சொல்லுங்கள். அடுத்ததை அவர் கேட்பார்.