ஒரு வாரம் கொச்சி: மூணாறை விடுங்கள், படகைப் பிடியுங்கள்

கோபிசெட்டிபாளையத்தில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அரையாண்டு லீவில் ஒரு வாரம் கொச்சி போகலாம்னு இருக்கோமுங்க. நாங்க ரெண்டு பேர், பள்ளிக்கூடம் போற ரெண்டு பிள்ளைங்க, முட்டி வலி உள்ள அம்மா. அம்மா சுத்த சைவம். கடல் பக்கம் இதுதான் முதல் தடவை. குருவாயூர், அதிரப்பள்ளி, மூணாறு, கொச்சி, ஆலப்புழை போட் ஹவுஸ், முடிஞ்சா கோவளம்னு லிஸ்ட் போட்டிருக்கோம். கார்லயே போயிரலாமுங்களா, ரயில் தேவலைங்களா?"

ரயில்தான். ஆனால் அதற்கு முன்னால் அந்த லிஸ்டில் பாதியை அடித்தாக வேண்டும். மூணாறுக்கு உடுமலைப்பேட்டையில் இருந்து சின்னாறு, மறையூர் வழியாக நேர் ரோடு இருக்கிறது. கொச்சி வரை போய் அங்கிருந்து மலை ஏறுவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. குருவாயூரை ஒரு சனி, ஞாயிறில் தனியாகப் பார்த்துவிடலாம். கோவளம் கொச்சியில் இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. நம் வீட்டில் இருந்து எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய மலையையும் அருவியையும் கடற்கரைப் பயணத்துக்குள் திணித்தால், ஏழு நாளில் நாலு நாள் வண்டிக்குள்தான் கழியும். கொச்சியில் பார்க்க வேண்டியது தண்ணீரும், அந்தத் தண்ணீரை வைத்துப் பிழைக்கிற ஊரும்தான். அதற்கு அவசரம் ஆகாது.

ஆகவே இரண்டே தங்குமிடம்: நாலு இரவு கோட்டைக் கொச்சி (ஃபோர்ட் கொச்சி), இரண்டு இரவு ஆலப்புழை. எர்ணாகுளம் நகரத்துக்குள் ரூம் போட வேண்டாம். அது கோவை காந்திபுரம் மாதிரியே நெரிசல். கோட்டைக் கொச்சியில் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுகிற ஹோம்ஸ்டே நிறைய. அறை கேட்கும்போதே "தரைத்தளத்தில் இருக்கிறதா, பாத்ரூமில் மேல்நாட்டுக் கழிப்பறையா" என்று கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளில் மரப்படி செங்குத்தாக இருக்கும், அம்மாவுக்கு ஆகாது.

ஞாயிறு காலை ஈரோட்டில் ரயில் ஏறினால் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாயங்காலத்துக்குள் எர்ணாகுளம். பெங்களூரில் இருந்து எர்ணாகுளம் போகும் இன்டர்சிட்டி ஈரோடு, திருப்பூர், கோவை மூன்றிலும் நிற்கும். எர்ணாகுளத்தில் ஜங்ஷன், டவுன் என்று இரண்டு ஸ்டேஷன். உள்ளூர்க்காரர்கள் சவுத், நார்த் என்பார்கள். டிக்கெட்டில் எது என்று பார்த்து இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோவில் ஹைகோர்ட் படகுத்துறை, பிறகு வாட்டர் மெட்ரோ என்கிற படகில் கோட்டைக் கொச்சி.

2023 ஏப்ரலில் தொடங்கிய இந்த வாட்டர் மெட்ரோதான் உங்கள் அம்மாவுக்காகவே கட்டியது போல் அமைந்தது. பழைய படகுத்துறையில் ஆடுகிற படகுக்குள் காலைத் தூக்கி இறக்க வேண்டும். இங்கே துறையே மிதக்கிறது. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் துறையும் படகும் ஒரே மட்டத்தில் இருப்பதால் சக்கர நாற்காலிகூட அப்படியே உருண்டு உள்ளே போகும். ஏசி உண்டு. லீவு நாட்களில் சாயங்காலம் கோட்டைக் கொச்சியில் இருந்து திரும்பும் வரிசை மட்டும் மிக நீளம். நீங்கள் கோட்டைக் கொச்சியிலேயே தங்குவதால் அந்தத் தொல்லை இல்லை.

திங்கள் காலை வெயில் ஏறும் முன் சீன வலைகளுக்குப் போங்கள். தேக்கும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய பெரிய சட்டம், அதன் நுனியில் வலை, மறுமுனையில் கயிற்றில் வரிசையாகத் தொங்கும் கருங்கற்கள். நாலைந்து பேர் கயிற்றை இழுத்ததும் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொட, வலை மேலே எழும். ஏற்றம் இறைத்ததைப் பார்த்த தலைமுறை என்றால் அம்மாவே பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிவிடுவார். கையைக் காட்டி இழுக்கக் கூப்பிடுவார்கள், இழுத்தால் காசு கேட்பார்கள். அதில் தப்பில்லை. வலையில் வருகிற மீனை நம்பி இன்று பிழைப்பு நடத்த முடியாது. பக்கத்துக் கடைகளில் விற்கும் மீன் எல்லாம் அந்த வலையில் விழுந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வாங்கிச் சமைக்கக் கொடுப்பதானால் கிலோ விலை, சமையல் கூலி இரண்டையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524இல் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவை இங்கேதான் புதைத்தார்கள். 1539இல் எலும்புகளை லிஸ்பனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. பிள்ளைகளை மேலே பார்க்கச் சொல்லுங்கள்: வெளியே நின்று கயிற்றால் இழுத்து வீசும் துணி விசிறிகள் இன்னும் தொங்குகின்றன. மதியம் அறைக்கு வந்து படுத்துவிடுங்கள். டிசம்பரிலும் அங்கே நம் ஊர் மாதிரிப் பனிக்காற்று கிடையாது, வியர்வை பிசுபிசுக்கும். வெயில் தாழ்ந்ததும் வேளி பக்கம் சலவைத்துறையை எட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் இருந்து பல தலைமுறைக்கு முன் வந்த குடும்பங்கள் இன்றும் துணி துவைத்து உலர்த்துகின்றன. தமிழிலேயே பேசலாம். மொழி எங்கேயும் உங்களுக்குப் பிரச்சினை ஆகாது.

செவ்வாய் மட்டாஞ்சேரி. கிழமையைச் சும்மா சொல்லவில்லை. அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. 1568இல் கட்டிய யூதர் ஜெபக்கூடம் சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளி மதியத்துக்கு மேலும் திறக்காது. வார இறுதியில் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் ஏராளம். அரண்மனைச் சுவர்களில் ராமாயணம் முழுக்க ஓவியமாக இருக்கிறது. அம்மாவை அங்கே அவசரப்படுத்த வேண்டாம். ஜெபக்கூடத்தின் தரையில் சீனாவில் இருந்து வந்த நீல ஓடுகள், கையால் வரைந்தவை. வெளியே "குறைந்த காசுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்" என்று வரும் ஆட்டோ, கமிஷன் தரும் கடைகளில்தான் நிற்கும். மிளகு, ஏலம் வாங்குவதானால் அந்தத் தெருவில் நாலு கடை விலை கேட்டு வாங்குங்கள்.

புதன்தான் கொங்குக்காரர்களுக்கென்று நான் வைத்திருக்கும் நாள். காலையில் ஜங்காரில் (ஆளும் வண்டியும் ஏறுகிற தட்டைப் படகு) ஏறி வைப்பின் தீவுக்குப் போய், அங்கிருந்து வாடகைக் காரில் வடக்கே செறாய் கடற்கரை. பிள்ளைகள் கடலில் இறங்க இதுதான் இடம், கோட்டைக் கொச்சிக் கரை குளிக்க ஆகாது. கொடி கட்டி, காவலர் நிற்கிற பகுதியில் மட்டும் இறங்கட்டும். அப்புறம் இன்னும் வடக்கே கொடுங்கல்லூர். சங்ககாலத் துறைமுகமான முசிறி இந்தச் சுற்றுவட்டாரம்தான் என்கிறார்கள். பக்கத்தில் பட்டணம் என்கிற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. அந்தக் கப்பல் வணிகத்தின் மறுமுனை நம் பக்கம்: கணவாய் வழியாக வந்த ரோமானியக் காசுகள் கோவை வெள்ளலூரில் குவியலாகக் கிடைத்தன, சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில் கொடுமணலில் கல்மணி செய்தார்கள். உங்கள் ரயில் வந்த வழியே அந்தப் பழைய வழிதான் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகி என்றே கும்பிடுகிறவர்கள் உண்டு. நடை மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே கோயில், பிறகு கடல் என்று மாற்றிக்கொண்டாலும் சரி.

வியாழன் அறையைக் காலி செய்து, ஒரு காரில் சோட்டானிக்கரை பகவதி, திருப்பூணித்துறை ஹில் பேலஸ் (திங்கள் விடுமுறை) பார்த்துவிட்டு ஆலப்புழை. டிசம்பர் 31 இரவு கோட்டைக் கொச்சியில் பப்பாஞ்ஞி என்ற கிழவன் பொம்மையை எரிப்பார்கள், அன்று கூட்டத்தில் எள் போட்டால் எள் விழாது. முட்டி வலிக்காரருடன் அங்கே இருக்கக் கூடாது. 30க்குள் ஆலப்புழை வந்துவிடுகிற மாதிரி தேதி போடுங்கள்.

போட் ஹவுஸ் பற்றி என் கருத்து கொஞ்சம் கசப்பானது. மீனவர்கள் வலை போடும் நேரம் என்பதால் சாயங்காலத்தோடு கரையில் கட்டிவிட வேண்டும் என்பது விதி. இரவு முழுக்க, கட்டிய படகில் ஏசி போட்டுத் தூங்குவதற்குத்தான் பெரிய தொகை கொடுக்கிறீர்கள். அதற்குப் பதில் வெள்ளி காலை சின்ன ஷிகாரா படகு இரண்டு மூன்று மணி நேரம் பேசுங்கள், பெரிய படகு நுழையாத வாய்க்கால்களுக்குள் போகும். அரசு நீர்ப்போக்குவரத்துத் துறையின் கோட்டயம் போகும் படகு இன்னும் மலிவு, ஊர் சனம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். குட்டநாட்டில் உங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது. படகு மேலே போகும், கரைக்கு அந்தப் பக்கம் நெல் வயல் கீழே கிடக்கும். கடல் மட்டத்துக்குக் கீழே நடக்கும் விவசாயம் அது. கொடிவேரியில் அணை கட்டி, தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீரைக் கொண்டுவந்து வயலுக்குப் பாய்ச்சுகிறவர்கள் நாம். அவர்கள் வயலில் இருந்து தண்ணீரை இறைத்து வெளியே விட்டுத்தான் நடவே செய்ய முடியும். டிசம்பர் அந்த வேலை நடக்கிற காலம்.

சாப்பாடு: மட்டாஞ்சேரியில் குஜராத்திகள் வசிக்கும் தெருவில் நல்ல சைவக் கடைகள் உண்டு, எர்ணாகுளத்தில் தாராளம். மற்ற இடங்களில் உட்காரும் முன் "வெள்ளைச் சோறு உண்டா" என்று கேளுங்கள், தடித்த சிவப்பு மட்டை அரிசிச் சோறு அம்மாவுக்குப் பிடிக்காமல் போகலாம். குடிக்க வெதுவெதுப்பாக இளஞ்சிவப்புத் தண்ணீர் வைப்பார்கள். பதிமுகப் பட்டை போட்டுக் கொதிக்கவைத்தது, தாராளமாகக் குடிக்கலாம்.

கார்தான் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால், அதிரப்பள்ளி, மளக்கப்பாறை, வால்பாறை, ஆழியாறு என்று திரும்பலாம். அருமையான வழி. ஆனால் காட்டுச் சோதனைச்சாவடியில் நேரக் கட்டுப்பாடு உண்டு, வால்பாறைக்கு இ-பாஸ் விவரமும் பார்க்க வேண்டும், கடைசியில் 40 கொண்டை ஊசி வளைவு. அம்மா இல்லாத பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை ஆலப்புழையிலேயே சென்னை ரயிலைப் பிடித்தால் ஈரோட்டில் இறங்கலாம், கொச்சிக்குத் திரும்ப வேண்டியதில்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். டிசம்பரில் ஐயப்ப பக்தர்களால் அந்த ரயில்கள் எல்லாம் நிரம்பி வழியும். திறக்கிற அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்து, அம்மாவுக்குக் கீழ் பெர்த் கேட்டுப் போட்டுவிடுங்கள்.