பார்க் பியூட் குடிலுக்கு யாரிடமும் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: வாஷிங்டன் மாநிலம் பாத்தெலில் வேலை பார்க்கிறேன். மதுரையிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் மவுண்ட் பேக்கர் அருகே இருக்கும் பார்க் பியூட் ஃபயர் லுக்அவுட்டுக்கு (காட்டுத் தீயைக் கண்காணிக்க மலை உச்சியில் கட்டிய குடில்) ஏறி, ஓர் இரவு அங்கேயே தங்க ஆசை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் 120 டாலர் அனுப்பினால் குடிலை எங்கள் பேரில் பதிந்து தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? கார் நிறுத்துவதற்கான டிஸ்கவர் பாஸ் வைத்திருக்கிறேன், போதுமா? அப்பாவுக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு.

பதில்: அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள். பார்க் பியூட் குடிலுக்கு முன்பதிவு என்பதே கிடையாது. முதலில் போய்ச் சேர்பவருக்கு இடம், வாடகையும் இல்லை. ஸ்காஜிட் ஆல்பைன் கிளப் என்ற மலையேற்றக் குழுவினர் அதைப் பராமரித்து வருகிறார்கள். திருப்பதியில் தரிசன டிக்கெட் வாங்கித் தருகிறேன் என்று நிற்கும் புரோக்கரிடமாவது எங்கோ ஒரு டிக்கெட் இருக்கும். இங்கே விற்பதற்கு ஒன்றுமே இல்லை.

இந்த ஆட்களுக்குப் பிழைப்பு எப்படி நடக்கிறது என்றால், வேறு சில லுக்அவுட்களுக்கு உண்மையிலேயே வாடகை உண்டு. உங்களுக்குக் கிட்டத்தில் ஹேபுரூக், எவர்கிரீன் மவுண்டன் இரண்டும் அப்படித்தான். வனத்துறை இவற்றை ரெக்ரியேஷன் டாட் கவ் (recreation.gov) என்ற அரசுத் தளம் வழியாக வாடகைக்கு விடுகிறது. மாதக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும், கோடை வார இறுதி என்றால் கேட்கவே வேண்டாம். அந்தப் பதிவையும் நீங்களே உங்கள் கணக்கில்தான் செய்ய வேண்டும். ஒருவர் எடுத்து இன்னொருவருக்கு விற்க விதியில் இடமில்லை. தேடும்போது மேலே வரும் விளம்பரத் தளங்களைச் சொடுக்காதீர்கள், முகவரி ‘கவ்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். உங்கள் ஆள் ரசீது என்று எதையாவது காட்டினால் அதில் எந்த லுக்அவுட்டின் பேர் இருக்கிறது, யார் பேரில் இருக்கிறது என்று வாசியுங்கள். பார்க் பியூட் என்று இருந்தால் அது பொய் ரசீது. ஹேபுரூக் என்று இருந்தால், நீங்கள் கேட்ட மலை அது இல்லை.

பாஸ் விஷயம். டிஸ்கவர் பாஸ் மாநில அரசின் நிலத்துக்கு. பார்க் பியூட் பாதை தொடங்கும் ஷ்ரைபர்ஸ் மெடோ மத்திய வனத்துறையுடையது. அங்கே நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் வேண்டும். ஒரு நாளைக்கு 5 டாலர், வருடத்துக்கு 30. தேசியப் பூங்காக்களின் வருடாந்திர பாஸ் இருந்தால் அதுவே போதும். ஒரே மலைத்தொடருக்கு மாநிலம், வனத்துறை, தேசியப் பூங்கா என்று மூன்று முதலாளிகள், மூவருக்கும் தனித்தனி அட்டை, பனிக்காலம் வந்தால் ஸ்னோ பார்க் என்று இன்னொன்று. மலை ஏற வருகிறவன் காரின் முன்கண்ணாடியில் அலுவலகம் நடத்த வேண்டியிருக்கிறது. இதைச் சீராக்க யாருக்கும் அவசரமில்லை. போகிற வழியில் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். மேலே சிக்னலை நம்ப முடியாது. வீட்டிலேயே வாங்கி, அச்செடுத்து, காரில் வெளியே தெரியும்படி வையுங்கள்.

சரி, இடம் பிடிக்க முடியுமா? ஆகஸ்ட் சனிக்கிழமை என்றால் நம்பிக்கை வைக்காதீர்கள். குடில் ஏறக்குறைய 14க்கு 14 அடி. 1910-ல் ஐடஹோ, மொன்டானாவில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்த பிறகுதான் உச்சிக்கு உச்சி ஆளை உட்கார வைக்க வனத்துறை மும்முரமானது. சுற்றிலும் கண்ணாடி, நடுவில் தீ இருக்கும் திசையைக் குறிக்கும் ஆஸ்போர்ன் கருவி, ஓரமாக ஒரு கட்டில். கட்டியது அந்த ஓர் ஆளுக்காக. நீங்கள் மூன்று பேரும் முன்பே வந்த நாலு பேரும் படுப்பதற்கு அல்ல. செவ்வாய், புதன் பாருங்கள். எந்த நாளானாலும் கூடாரம் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். குடில் நிறைந்திருந்தால் அனுமதித்த முகாம் இடங்களில்தான் அடிக்கலாம். கண்ட புல்வெளியில் அடித்துவிடாதீர்கள். அங்கே செடிகள் மிதிபட்டால் மறுபடி தலையெடுக்க வருடங்கள் ஆகும்.

அப்பா விஷயத்தில் எனக்குத் தயக்கம். போய்வர சுமார் 12 கிலோமீட்டர், ஏற்றம் 670 மீட்டர். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் பேசும். நடுவில் ராக்கி க்ரீக் வேறு இருக்கிறது. பனியாறு உருகி வரும் ஓடை என்பதால் காலையில் சாதுவாகவும் மதியத்துக்கு மேல் வேகமாகவும் ஓடும். அதன் மேல் போடும் சிறு பாலம் வருடம் முழுக்க இருப்பதில்லை. பெற்றோருக்கு லுக்அவுட் என்று ஒன்றைக் காட்ட வேண்டும் என்றால் நெடுஞ்சாலை 2-ல் இருக்கும் ஹேபுரூக்குக்குக் கூட்டிப்போங்கள். போய்வர 4 கிலோமீட்டர்தான். ஏற்றம் 260 மீட்டர், கொஞ்சம் செங்குத்து. உச்சிக் கோபுரத்தின் உயரம் 67 அடி. மேலே இருக்கும் அறைதான் வாடகைக்கு, அதற்குக் கீழே இருக்கும் பார்வைத் தளத்துக்குப் பகலில் யாரும் ஏறலாம். படிகளை அப்பா பார்த்து முடிவு செய்யட்டும்.

பார்க் பியூட்டுக்கு நீங்கள் தனியாகவோ நண்பர்களோடோ போங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் செட்ரோ-வுல்லியில் இருக்கும் ரேஞ்சர் அலுவலகத்துக்கு போன் செய்து, ராக்கி க்ரீக்கில் பாலம் இருக்கிறதா, 12, 13-ஆம் எண் வனச் சாலைகள் திறந்திருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.