மலை ஏறும்போது மட்டும் எரியும் ஏ.பி.எஸ். விளக்கு

வாகனப் பராமரிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, 2011ஆம் ஆண்டு வாங்கிய டீசல் செடான் கார் வைத்திருக்கிறேன். சேலம் நகருக்குள் ஓட்டும்போது எந்தத் தொல்லையும் இல்லை. ஏற்காடு மலைப்பாதையில் நான்காவது அல்லது ஐந்தாவது கொண்டை ஊசி வளைவில் திரும்பும்போது ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) விளக்கும், வழுக்கிச் செல்லும் கார் படம் போட்ட விளக்கும் சேர்ந்து எரிகின்றன. வண்டியை ஓரமாக நிறுத்தி, அணைத்து, மறுபடியும் ஸ்டார்ட் செய்தால் மறைந்துவிடுகின்றன. பட்டறையில் ஸ்கேன் செய்தபோது முன் இடது சக்கரச் சென்சாருக்கான எரர் கோடு (பிழைக் குறியீடு) வந்தது. சென்சாரை இரண்டு முறை மாற்றியும் பயனில்லை. இப்போது ஏ.பி.எஸ். அமைப்பைக் கட்டுப்படுத்தும் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா? – வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: இப்போதைக்குச் சம்மதிக்காதீர்கள். யூனிட் பழுதாகியிருந்தால், வண்டி நேராகப் போகிறதா வளைகிறதா என்று பார்த்து விளக்கு எரிவதற்குக் காரணம் இல்லை. தங்கள் கடிதத்தில் மிகவும் பயனுள்ள செய்தி எரர் கோடு அன்று. வளைவில் மட்டும் எரிகிறது என்று தாங்கள் கவனித்து எழுதியிருப்பதுதான்.

அந்தக் கோடு தெரிவிப்பது, முன் இடது சக்கரத்திலிருந்து வரவேண்டிய வேகத் தகவல் யூனிட்டுக்குச் சரியாக வந்து சேரவில்லை என்பதை மட்டுமே. சக்கரத்தோடு சுழலும் ஒரு வளையத்தைச் சென்சார் படிக்கிறது; படித்ததை அதன் வயர், சக்கரக் குழிக்குள் இருக்கும் கனெக்டர், அங்கிருந்து உள்ளே ஓடும் வயரிங் ஆகியவற்றின் வழியாக யூனிட்டுக்கு அனுப்புகிறது. இந்தப் பாதையில் எந்த இடத்தில் தடை ஏற்பட்டாலும் திரையில் தோன்றுவது சென்சாரின் பெயர்தான். பெயரைப் பார்த்ததும் பொருளை வாங்கிப் பொருத்திவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் பரவலாக இருக்கிறது என்பதையும், அதனால் வாடிக்கையாளரின் பணம் வீணாகிறது என்பதையும் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். இரண்டு விளக்குகள் சேர்ந்து எரிவதால் இரண்டு பழுதுகள் என்று எண்ண வேண்டியதில்லை. வண்டி வழுக்குவதைத் தடுக்கும் ஈ.எஸ்.சி. அமைப்பு அதே நான்கு சக்கர வேகங்களை நம்பித்தான் இயங்குகிறது. அவற்றில் ஒன்று கிடைக்காவிட்டால் அதுவும் தானாக விலகிக்கொள்ளும்.

புதுச் சென்சார் தன் சொந்த வயரோடும் கனெக்டரின் ஒரு பாதியோடும்தான் வரும். ஆகவே இரண்டு முறை மாற்றியபோது சென்சாரும் அந்த வயரும் புதிதாகிவிட்டன. மாறாமல் இருப்பவை மூன்று: கனெக்டரின் மறுபாதி, அதற்கு அப்பால் உள்ள வயரிங், சென்சார் படிக்கும் வளையத்தைத் தாங்கிய பேரிங்.

அடுத்த முறை மலை ஏறும்போது, வலப்பக்கம் திரும்பும் வளைவில் எரிகிறதா, இடப்பக்கம் திரும்பும் வளைவில் எரிகிறதா என்று உடன் வருபவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இருபது வளைவுகள் இருக்கும் பாதையில் இதைக் கண்டறிவது கடினம் அன்று. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடது சக்கரத்தின் மீது சாய்கிறது. அப்போது மட்டும் விளக்கு எரிந்தால், தேய்ந்த பேரிங் சற்றே சாய்ந்து, சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளி கூடுகிறதோ என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்த இடைவெளி ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் சிறிய ஆட்டமே போதும். எந்தப் பக்கம் திருப்பினாலும் எரிகிறது என்றால் வயர் இழுபடுகிறது என்றே கொள்ளலாம்.

ஸ்கேனரில் கோடு எண்ணோடு அதன் விவரத்தையும் படிக்கச் சொல்லுங்கள். மின்சுற்று அறுந்திருக்கிறது என்று வந்தால் வயரையும் கனெக்டரையும் பார்க்க வேண்டும். சிக்னல் நம்பத்தக்கதாக இல்லை என்று வந்தால் பேரிங்கையும் வளையத்தையும் பார்க்க வேண்டும். விலை குறைந்த ஸ்கேனர்கள் பல, இன்ஜினுக்குரிய ‘பி’ வரிசைக் கோடுகளை மட்டுமே படிக்கும். பிரேக், ஸ்டீயரிங் தொடர்பான கோடுகள் ‘சி’ வரிசையில் வருகின்றன. அவற்றைப் படிக்கும் கருவி இருக்கும் பட்டறைக்குச் செல்வது நல்லது.

இதே முறையீட்டோடு என்னிடம் வந்த ஒரு வண்டியை ஜாக்கியில் ஏற்றி, ஸ்டீயரிங்கை முழுமையாக ஒடித்து வைத்துவிட்டுச் சக்கரக் குழிக்குள் பார்த்தேன். சென்சார் வயரைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர் கிளிப் அதன் இடத்தில் இல்லை; முன்பு சென்சார் மாற்றியவர் அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் டேக்கைப் போட்டு வயரை இறுகக் கட்டியிருந்தார். சக்கரம் திரும்பும்போதெல்லாம் வயர் விறைத்துக் கனெக்டரை இழுத்தது. கனெக்டரைக் கழற்றி, பழைய சென்சாரிலிருந்து வெட்டியெடுத்த ஒரு பின்னை அதன் இரண்டு துளைகளிலும் நுழைத்துப் பார்த்தேன். ஒரு துளை பின்னைக் கவ்விப் பிடித்தது. மற்றொன்றில் பின் தானாக வழுக்கிக் கீழே விழுந்தது. யாரோ மல்டிமீட்டரின் தடித்த முனையைச் செருகி அந்தத் துளையை விரித்திருக்கிறார்கள். அந்தத் துளைக்குள் பின்னைக் கவ்வும் தகட்டை மாற்றி, வயருக்குப் போதிய தளர்வு கொடுத்து, கிளிப்பையும் போட்டதோடு வேலை முடிந்தது. புதிதாக எந்தச் சென்சாரும் தேவைப்படவில்லை.

அளந்து பார்க்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வகைச் சென்சார் ஒரு காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டது. அதன் ஓம் அளவை எடுத்து மறுபக்கச் சென்சாரோடு ஒப்பிடலாம். சக்கரத்தைக் கையால் சுழற்றினால் சிறிய ஏ.சி. வோல்டேஜையும் காணலாம். புதிய வகைச் சென்சாருக்குள் மின்னணுச் சுற்று இருக்கிறது. அது சுமார் 7 மில்லிஆம்பியருக்கும் 14 மில்லிஆம்பியருக்கும் இடையே மாறிமாறி மின்னோட்டத்தை இழுப்பதன் மூலம் வேகத்தைத் தெரிவிக்கிறது. அதில் ஓம் அளந்து ‘சென்சார் போய்விட்டது’ என்று தீர்ப்புச் சொல்வது தவறு. கனெக்டரைக் கழற்றிச் சாவியைத் திருப்பினால் வண்டிப் பக்கத் துளைகளுக்கு இடையே பேட்டரிக்கு நெருக்கமான வோல்டேஜ் வருகிறதா என்று பார்த்தால், அது புதிய வகைதான் என்பதும் உள்வயரிங் அறுபடவில்லை என்பதும் ஒருசேரத் தெரிந்துவிடும்.

பேரிங்கை முன்பு எப்போதாவது மாற்றியிருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். புதிய வகையில் வளையத்துக்குப் பதிலாகப் பேரிங்கின் ஒரு பக்கச் சீலிலேயே காந்தத் துருவங்கள் பதிக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து அமைய வேண்டும். திருப்பிப் பொருத்திவிட்டால் சிக்னலே வராது. எது காந்தப் பக்கம் என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரு குண்டூசியை அருகில் கொண்டுசென்றால் ஒட்டிக்கொள்ளும்.

யூனிட்டைச் சந்தேகிக்க வேண்டிய நேரமும் உண்டு. பம்ப் மோட்டாருக்கோ வால்வுகளுக்கோ உரிய கோடு நிலையாக நின்றால், அல்லது ஸ்கேனரோடு யூனிட் பேசவே மறுத்தால் அதைப் பார்க்கத்தான் வேண்டும். அப்போதும், யூனிட்டுக்குப் போகும் மின்வழியிலும் எர்த்திலும் ஹெட்லைட் பல்பு ஒன்றை இணைத்து, அது முழு ஒளியோடு எரிகிறதா என்று பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். துருப்பிடித்த ஓர் எர்த் நட்டு, நல்ல யூனிட்டைக் கெட்டதாகக் காட்டிவிடும்.

கேள்வி: என்னுடைய 2009ஆம் ஆண்டு கார் எப்போதும் எஸ்டேட் சாலைகளில்தான் ஓடுகிறது. நிற்கப் போகும் கடைசி நேரத்தில், வேகம் பத்து கிலோமீட்டருக்குக் கீழே வந்ததும், பிரேக் பெடல் காலடியில் அதிர்கிறது. ‘கறகற’ என்ற ஓசை வருகிறது. வண்டி எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. டிஸ்க்கையும் பேடையும் மாற்றியாகிவிட்டது. – வாசகர், ஏற்காடு

பதில்: இது பிரேக் பேடின் குற்றம் அன்று, சக்கரம் பூட்டிக்கொண்டதாக ஏ.பி.எஸ். தவறாக எண்ணிப் பிரேக் அழுத்தத்தை விடுவிக்கிறது. விளக்கு எரியாததால் இதை அலட்சியமாக விட்டுவிடாதீர்கள். சரிவில் வண்டி எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிப் போவது ஆபத்து.

ஆண்டின் பல மாதங்கள் மூடுபனியும் ஈரமும் இருக்கும் இடத்தில் ஓடும் வண்டி என்பதால், சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டின் முனையில் இறுக்கிப் பொருத்தப்பட்டிருக்கும், சென்சார் படிக்கும் பல்வளையத்தை முதலில் பாருங்கள். வளையத்துக்கு அடியில் துரு பருத்து, வளையத்தை உள்ளிருந்து தள்ளி, ஓரிடத்தில் மயிரிழை போன்ற விரிசலை உண்டாக்கும். விரிசல் விழுந்த இடத்தில் இரண்டு பற்களுக்கு இடையே உள்ள தூரம் சற்றுக் கூடுவதால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடம் கடக்கும்போது சக்கரம் திடீரென மெதுவானதாகக் கணக்கில் வருகிறது. பழைய வகைச் சென்சார் தரும் வோல்டேஜ் வேகம் குறையக் குறையத் தானும் குறைந்துகொண்டே வரும். சென்சார் அமரும் துளையில் துரு சேர்ந்து அதை வெளியே தள்ளியிருந்தால், வண்டி நிற்பதற்கு முன்பே சிக்னல் நின்றுபோகும். இரண்டு நிலையிலும் அறிகுறி தாங்கள் எழுதியிருப்பதுதான்.

ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் முப்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாக நிறுத்தியபடி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஸ்கேனரில் வரைபடமாகப் பாருங்கள். வரைபடத்தில் மூன்று சக்கரங்களின் வரிகள் ஒன்றாக இறங்கும். ஒன்று மட்டும் இடையிடையே பள்ளம் விழுந்தோ, முன்கூட்டியே பூஜ்யத்தைத் தொட்டோ நிற்கும். அந்தச் சக்கரத்தைக் கழற்றி, ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பற்களின் இடுக்குகளை விளக்கொளியில் பார்த்தால் விரிசல் தெரியும். சில வண்டிகளுக்கு வளையம் தனியாகவே கிடைக்கிறது. கிடைக்காவிட்டால் ஷாஃப்ட்டோடு மாற்ற வேண்டும். துளையில் துரு இருந்தால் சுரண்டிச் சுத்தப்படுத்திய பிறகே சென்சாரைப் பொருத்த வேண்டும். சுத்தியலால் தட்டி இறக்கக் கூடாது.

ஏ.பி.எஸ். பியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டச் சொல்பவர்களும் உண்டு. சமதளத்தில் சோதனைக்காகச் சில நிமிடங்கள் அப்படிச் செய்யலாம். அதிர்வு நின்றுவிட்டால் காரணம் உறுதியாகும். அந்த நிலையில் மலை இறங்கவே கூடாது. முன்பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பிரித்துத் தரும் வேலையும் அதே யூனிட்டைச் சேர்ந்தது. அது இல்லாமல் இறக்கத்தில் அழுத்தினால் பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி சுற்றிவிடக்கூடும். பியூஸ் அதன் இடத்தில் இருந்து, மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும். இரண்டாம் கியரில் நிதானமாக இறங்கிப் பட்டறைக்குப் போகலாம். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: வீல் அலைன்மென்ட் செய்துவந்த நாளிலிருந்து ஈ.எஸ்.சி. விளக்கு எரிகிறது, ஏ.பி.எஸ். விளக்கு எரியவில்லை. நேராக ஓடும்போது ஸ்டீயரிங் சற்றே இடப்பக்கம் திரும்பி நிற்கிறது. – வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: ஸ்டீயரிங் கோணத்தை அளக்கும் சென்சார், வண்டி திரும்புகிறது என்று சொல்கிறது, வண்டியின் சுழற்சியை அளக்கும் மற்றொரு சென்சார், நேராகப் போகிறது என்று சொல்கிறது. இருவர் கூற்றும் பொருந்தாததால் ஈ.எஸ்.சி. விலகிக்கொண்டது. முதலில் ஸ்டீயரிங் நேராக நிற்கும்படி அலைன்மென்ட்டைத் திருத்தச் செய்யுங்கள். அதன் பிறகு ஸ்கேனர் மூலம் ஸ்டீயரிங் சென்சாரின் பூஜ்ய நிலையைப் பதிய வேண்டும். வரிசை மாறினால் தவறான நிலையே பூஜ்யமாகப் பதிவாகும். அலைன்மென்ட் செய்யாமலேயே இந்த விளக்கு எரியும் வாசகர்கள், பெடலுக்கு மேல் இருக்கும் பிரேக் லைட் சுவிட்சைப் பாருங்கள். விலை குறைந்த பொருள் அது. அதை மறந்துவிட்டு எங்கெங்கோ தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏ.பி.எஸ். உள்ள பழைய கார் ஒன்றை வாங்கப் போகிறேன். எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை என்பதால் அமைப்பு நன்றாக இருக்கிறது என்று கொள்ளலாமா? – வாசகர், கன்னங்குறிச்சி

பதில்: கொள்ள முடியாது. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் பாருங்கள். ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, சில விநாடிகளில் தானாகவே அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பு கழற்றப்பட்டிருக்கலாம். சிலர் அதைவிடச் சாமர்த்தியமாக, ஏ.பி.எஸ். விளக்கின் வயரை இன்ஜின் ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்திருந்தால், ஸ்டார்ட் செய்யாத வரையில் அது அணையாது. இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஆயில் விளக்கோடு ஒரே நேரத்தில் அணையும். அதைக் கண்டால் ஸ்கேன் செய்து பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.