ஸ்லைடில் இல்லை, எந்திரத்தில் உண்டு: எதை நம்புவது?

கேள்வி: என் அப்பாவுக்கு 61 வயது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர். ஒரு மாதமாக இருமல், உடம்பும் இளைத்துவிட்டது. அரசாங்க கிளினிக்கில் சளியை ஸ்லைடில் வைத்துப் பார்த்துவிட்டுக் கிருமி இல்லை என்றார்கள். பிறகு ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனையில் காசநோய், 'மிகக் குறைந்த அளவு' என்று வந்திருக்கிறது. "இரண்டு மணி நேரத்தில் எந்திரம் என்னத்தைக் கண்டுவிடும்?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டதிலிருந்து அப்பா மாத்திரையைத் தொட மறுக்கிறார். என்ன செய்வது?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: மாமாவின் அக்கறை நல்லதுதான், ஆனால் இந்த விஷயத்தில் எந்திரத்தின் பக்கம் நில்லுங்கள் அம்மா.

இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. ஸ்லைடில் கிருமி கண்ணில் பட, ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 வரையாவது இருக்க வேண்டும். ஜீன்எக்ஸ்பெர்ட் கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்ப்பதால் அதற்கு நூற்றுச் சொச்சம் போதும். 'அல்ட்ரா' என்ற பிந்திய வகைக்கு இருபதுகூட வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2010லேயே பரிந்துரைத்த முறை இது, நேற்று முளைத்ததல்ல.

தவறே வராதா? வரும். காசநோய் இல்லாத 100 பேரைச் சோதித்தால் பழைய வகை ஓரிருவருக்கும் அல்ட்ரா நான்கைந்து பேருக்கும் 'உண்டு' என்று சொல்லிவிடும். ஒரு மாத இருமலும் உடல் இளைப்பும் உள்ளவருக்கு வந்த 'உண்டு' அப்படிப்பட்டதாக இருக்க வாய்ப்புக் குறைவு. நான் அதிகம் சந்தேகப்படுவது 'இல்லை' என்ற முடிவைத்தான். ஸ்லைடில் தெரியாத காசநோயாளிகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவரைப் பழைய வகை கோட்டைவிடுகிறது. பாதிக் குற்றம் நம்முடையது: புட்டியில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் எந்த எந்திரமும் என்ன செய்யும்? காலையில் வாயைக் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கொண்டுவரும் கெட்டிச் சளிதான் தேவை.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை. அப்பாவுக்கு முன்பு எப்போதாவது காசநோய் வந்திருக்கிறதா? தோட்டத்து வீடுகளில் இதை மூடி மறைக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. செத்த கிருமியின் மரபணுவும் நெஞ்சில் தங்கியிருக்கலாம். உயிருள்ளது எது, செத்தது எது என்று எந்திரத்துக்குத் தெரியாது. முன்பு சிகிச்சை எடுத்திருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது எக்ஸ்ரேயையும் கிருமி வளர்ப்புப் பரிசோதனையையும் சேர்த்தே முடிவெடுப்பார். கிருமி வளர்ப்பின் முடிவுக்கு ஆறு வாரம்கூட ஆகலாம். குணமாகிவிட்டதா என்று பார்க்க ஜீன்எக்ஸ்பெர்ட்டைக் கேட்காதீர்கள் என்பதும் இதனால்தான். அதற்கு ஸ்லைடும் கிருமி வளர்ப்பும்தான்.

அறிக்கையில் ரிஃபாம்பிசின் என்ற வரியையும் பாருங்கள். அந்த மருந்துக்குக் கிருமி அடங்காது என்றிருந்தால் சிகிச்சையே வேறு. அடங்கும் என்றால் வழக்கமான ஆறு மாத மாத்திரைகள். இரண்டாம் மாதம் இருமல் நின்றதும் அப்பா நிறுத்தப் பார்ப்பார், விடாதீர்கள்.

வீட்டில் உள்ள எல்லோரையும் கிளினிக்கில் காட்ட வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பேரப்பிள்ளை இருந்தால், இருமல் இல்லாவிட்டாலும் முதலில் அந்தக் குழந்தையை அழைத்துப் போங்கள்.