கழுகாசலத்துக்கு என்ன குறைச்சல் அண்ணாச்சி?

கேள்வி: மகளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. முருகன் பேரா வைக்கணும்னு எனக்கு வேண்டுதல். மருமகனோ மாடர்னா, ரெண்டெழுத்துல, முடிஞ்சா 'ஷ்'ல முடியற மாதிரி வேணும், நியூமராலஜிப்படி கூட்டு எண் 5 வரணும்ங்கிறாரு. நல்லதா ஒண்ணு சொல்லுங்களேன்.
– ஒரு தாத்தா, கோவில்பட்டி

பதில்: ரெண்டெழுத்தா? ஏன் அண்ணாச்சி, எழுத்துக்கும் ஜிஎஸ்டி போட்டுட்டாங்களா?

பாகவதத்துல அஜாமிளன்னு ஒருத்தர் வருவாரு. பண்ணாத பாவம் இல்ல. பத்துப் புள்ளைங்க, கடைக்குட்டி பேரு நாராயணன். சாகக் கிடக்கறப்ப எமதூதர்கள் கயிறோட வந்து நிக்க, பயந்துபோய் 'நாராயணா'ன்னு கத்தினாரு. கூப்பிட்டது புள்ளைய, வந்து நின்னது விஷ்ணுதூதர்கள், ஆளு தப்பிச்சாச்சு. சாமி பேரை வைக்கிறதுல இருக்கற லாபமே இதுதான், புள்ளைய நூறு தடவை திட்டினாலும் புண்ணியம் கணக்குல ஏறிக்கிட்டே இருக்கும். இப்ப அதே கடைக்குட்டிக்கு 'தர்ஷ்'னு பேரு வச்சிருந்தா? பெரியவர் கட்டில்ல கிடந்து 'தர்ஷ்... தர்ஷ்...'ங்கறாரு. 'என்னய்யா, தும்முறாரா?'ன்னு ஒரு எமதூதன் இன்னொருத்தனைக் கேக்கறான். வைகுண்டத்துல டூட்டியில இருக்கறவரு சகஸ்ரநாமம் ஆயிரத்தையும் புரட்டிட்டு, அப்படி ஒரு பேரே லிஸ்ட்ல இல்ல, ராங் நம்பர்னு வச்சிடறாரு. சரி, புள்ளையாவது வருவான்னு பாத்தா, அவன் பக்கத்து ரூம்ல ஹெட்போன் மாட்டிக்கிட்டு கேம் ஆடறான். ரெண்டு பக்கமும் ஆளு வரல, கயிறு இழுத்துட்டுப் போயிடுச்சு.

நீங்க கோவில்பட்டின்னு சொன்னதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடு வாங்கின ஊருங்க உங்களது. அந்த மிட்டாய் உங்க ஊரு சரக்குன்னு ரோஷமா வாங்கினீங்கல்ல, பேருக்கும் அந்த ரோஷம் வேணாமா? பஸ் ஏறினா கழுகுமலை, அங்க உக்காந்திருக்கறவரு கழுகாசலமூர்த்தி. கழுகாசலம்னு ஒருத்தன் பேரைச் சொன்னா அவன் எந்தப் பக்கத்து ஆளுன்னு பாதி தமிழ்நாடு சொல்லிடும். முருகன் ஒருத்தர்தான், ஆனா ஊருக்கு ஊரு வேற பேர்லதான் குடித்தனம் பண்றாரு. திருச்செந்தூர்ல செந்தில், சிக்கல்ல சிங்காரவேலன், வைத்தீஸ்வரன் கோயில்ல முத்துக்குமாரசாமி, திருத்தணியில தணிகாசலம், கோயமுத்தூர்ப் பக்கம் மருதாசலம். கடல் தாண்டினா கதிர்காமம். இலங்கையில வெளியுறவு அமைச்சரா இருந்த லக்ஷ்மன் கதிர்காமர் பேரைப் பாருங்க, முன்பாதி ராமாயணம், பின்பாதி முருகன், குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம்! அப்பன் பாட்டன் பேரை அவங்களே கழட்டிப் போடல, நமக்குத்தான் அவசரம்.

அம்மன் பேருங்க நிலைமை இன்னும் மோசம். காந்திமதின்னா நெல்லை, கோமதின்னா சங்கரன்கோவில், உலகம்மான்னா தென்காசி, தையல்நாயகின்னா வைத்தீஸ்வரன் கோயில், செண்பகவல்லின்னா உங்க ஊரேதான். உங்க தெருவுல இப்ப எல்கேஜி படிக்கிற செண்பகவல்லி ஒண்ணு இருந்தா சொல்லுங்க, நான் ஒரு வருஷ சந்தா இலவசமா அனுப்பறேன்.

புதுமைப்பித்தனோட சொந்தப் பேரு விருத்தாசலம். பூர்வீகம் திருநெல்வேலி, பேரு மட்டும் தென்னாற்காட்டுச் சாமி பேரு, எப்படின்னு பாத்தா 1906ல பொறந்தது திருப்பாதிரிப்புலியூர்ல, அப்பா அந்தப் பக்கம் சர்க்கார் உத்தியோகம். பேர்லயே அப்பாவோட டிரான்ஸ்ஃபர் ஆர்டர் இருக்கு பாருங்க.

ஒரு விஷயம் ஒத்துக்கறேன். சுடலைமுத்துவும் இசக்கிமுத்துவும் சென்னைக்கு வந்து சுரேஷ், ராகேஷ்னு மாறினா நான் கேலி பண்ண மாட்டேன். பேரைக் கேட்டதும் 'எந்தூரு, எந்தத் தெரு'ன்னு மோப்பம் பிடிக்கிறவங்க மேலதான் என் கோவம், அவங்க கண்ணுல மண்ணைத் தூவ என்ன பேரு வேணா வச்சுக்கட்டும். உங்க மருமகன் பிரச்சினை அது இல்ல, அவருக்கு ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல புள்ள பேரு ஸ்டைலா தெரியணும்.

நீளமான பேரு கஷ்டம்னு சொல்லாதீங்க. சுருக்கறது வீட்டுல இருக்கறவங்க வேலை. அந்தக் காலத்துல பேரனுக்குத் தாத்தா பேரை வச்சிடுவாங்க, மருமக மாமனார் பேரை வாயால சொல்லக்கூடாது, அதனால அவ கடைசிவரைக்கும் புள்ளைய 'தம்பி', 'ராசா'ன்னே கூப்பிட்டுக் காலத்தை ஓட்டிடுவா. முழுப்பேரு ரேஷன் கார்டுக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும்தான்.

நியூமராலஜிக்கு வரேன். (இதைப் பத்தி எழுதினாலே நம்ம பழைய நண்பர், அந்த எண்கணித நிபுணர், பத்துப் பக்கத்துக்கு லெட்டர் போடுவாரு, போடட்டும், போன லெட்டரே இன்னும் படிக்கல.) தமிழ்க் கடவுள்னு நெஞ்சை நிமித்திச் சொல்றோம், அந்தக் கடவுள் பேரை இங்கிலீஷ் எழுத்துல எழுதிக் கூட்டிப் பாத்துத்தான் அதிர்ஷ்டம் சொல்றோம். முருகனுக்கு இது தெரியுமா?

கேட்டதுக்கு ரெண்டெழுத்துல ஒரு பேரு இருக்கு: வேலு. நம்ம நண்பர் கணக்குல வி-க்கு 6, ஈ-க்கு 5, எல்-லுக்கு 3, யூ-வுக்கு 6, மொத்தம் 20, கூட்டினா 2தான் வருது. பதறாதீங்க, நடுவுல இன்னொரு எல் போட்டா 23, மருமகன் கேட்ட 5 வந்துடும். புள்ளைய 'வெல்லு'ன்னு கூப்பிடணும், அவ்வளவுதான். 'ஷ்' மட்டும் என்னால முடியல.